எல்லைப்புற சாகச நாவலோடு வாசகர் முன் நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. குடியேறிகள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த அமெரிக்க எல்லைப்புறக் காலத்தை வைத்து ஒருவர் எழுதிய சரித்திர சாகச நாவலுக்காக நடந்தது. 40 நாற்காலி போட்டிருந்தார்கள், வந்தவர்கள் 18 பேர். எழுத்தாளர் முதல் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்கினார். விடியல், புல்வெளி, மூடுவண்டி, நாயகனின் தாத்தா. 25 நிமிடமாகியும் நாயகன் குதிரையேறவில்லை. பின்வரிசைக்காரர் ஒருவர் நைசாக சமையல் புத்தக அலமாரிப் பக்கம் ஒதுங்கிவிட்டார். நானும் போயிருப்பேன், நடு வரிசையில் மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கூட்டங்களைக் கெடுப்பதில் முதலிடம் நீள வாசிப்புக்குத்தான். ஆறேழு நிமிடம் போதும். அதுவும் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியதில்லை. வண்டி ஆற்றைக் கடக்கிறது, நடு ஆற்றில் மாடு மிரள்கிறது என்ற இடம் இருந்தால் அதை எடுங்கள். யார், எங்கே என்று இரண்டு வரி சொல்லிவிட்டு நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடலாம். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தைப் பென்சிலால் அடியுங்கள். அச்சில் அழகாக இருந்தது காதில் இழுவையாக இருக்கும்.

அடுத்தது, ஆராய்ச்சி செய்ததையெல்லாம் கொட்டுவது. 1803-இல் லூசியானா நிலத்தைப் பிரான்சிடமிருந்து அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது, 1804-இல் லூயிஸும் கிளார்க்கும் மேற்கை ஆராயப் புறப்பட்டார்கள், 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது, 1862-இல் குடியேறுபவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் என்று சட்டம் வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ரயில் நிலையப் பெயர்களைப் போல வரிசையாக ஒப்பித்தால் வீட்டுக்குப் போகும்வரை யாருக்கும் நினைவிருக்காது.

அதற்குப் பதில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, உதாரணத்துக்கு. ஒரு முறை சுட்டதும் கொம்புக் குடுவையிலிருந்து கரிமருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். துணித்துண்டில் சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் அடிவரை குத்தி இறக்க வேண்டும். பிறகு விசைக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து. கை பழகியவனுக்கே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். கரடி அதுவரை நிற்குமா? இதைக் கையசைவோடு சொல்லிவிட்டு, அந்த அரை நிமிடம் அமைதியாக நின்று காட்டுங்கள். கூட்டம் தானாகவே அந்தக் காலத்துக்குள் வந்துவிடும்.

கை அசைவு என்றுதான் சொன்னேன். நிஜத் துப்பாக்கியையோ மாதிரியையோ கடைக்காரரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

திரைப்படப் பழக்கத்தில் வாய் தவறுவது இன்னொரு ஆபத்து. மேற்கே குடியேறப் போனவர்களின் ஆரிகன் பாதையில் குடும்பங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து சொகுசாகப் போகவில்லை. சுமார் 3,200 கிலோமீட்டரில் பெரும்பகுதியை வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே கடந்தார்கள். வண்டியை இழுத்தவையும் பெரும்பாலும் எருதுகள்தான். வழியில் தாக்குதலில் செத்தவர்களைவிடக் காலரா போன்ற நோய்களில் செத்தவர்கள் மிக அதிகம். குதிரை அஞ்சலான போனி எக்ஸ்பிரஸ் 1860 ஏப்ரலில் தொடங்கி, தந்திக் கம்பி கண்டத்தின் குறுக்கே இணைந்ததும் 1861 அக்டோபரில் முடிந்துபோனது. மொத்தம் ஒன்றரை வருடம்! இதைப் பல தலைமுறை ஓடிய சேவை போலப் பேசினால், கூட்டத்தில் நிச்சயம் இருக்கும் அந்த ஒரு சரித்திரப் பிரியர் கையைத் தூக்குவார். நாவலுக்காகத் தேதியை நகர்த்தியிருந்தால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

'ஆளில்லாத காடு', 'வெற்று நிலம்' என்ற சொற்களை மேடையில் விடாதீர்கள். லக்கோட்டா, ஷையென், ஷோஷோனி போன்ற பூர்வகுடி மக்களுக்கு அது எல்லைப்புறமல்ல, வீடு. 'செவ்விந்தியர்' என்று மொத்தமாகச் சொல்வதைவிட இனத்தின் பெயரைச் சொல்வது மரியாதை மட்டுமல்ல, கதைக்கும் நல்லது. லூயிஸ், கிளார்க் பயணத்தைச் சொல்பவர்கள் ஷோஷோனிப் பெண் சக்காகவேயாவை எப்படியோ நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கிளார்க்கின் அடிமையாக அதே பயணத்தில் வந்த யார்க்கை மறந்துவிடுகிறார்கள். உங்கள் நாவலில் இப்படி யாராவது ஓரத்தில் நின்றால், அவரைப் பற்றித்தான் கேள்வி வரும். தயாராகப் போங்கள்.

கேள்வி நேரத்தில் முடிவைப் போட்டு உடைப்பவர்களில் பாதிப்பேர் எழுத்தாளர்கள்தான். "அவன் கடைசியில் கோட்டைக்குத் திரும்புகிறானா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கையைக் காட்டுங்கள். கேள்வி பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் பதறவேண்டாம். ஒரு கேள்வியைக் கடை ஊழியரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்தால் பனி உருகும்.

கையெழுத்து வரிசையில் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். வரிசையில் நிற்கும்போதே துண்டுத்தாளில் அவர்களையே எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்து எழுதுங்கள். மசி காயும் முன் அட்டையை மூடினால் எதிர்ப்பக்கத்தில் உங்கள் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும்.