பறவைகள் தண்ணீர்த் தட்டில் இறங்காததற்குக் காரணம்

மார்ச்சில் குன்னூரில் வெயில் ஏறியதும் வேலி முழுக்கச் செம்மீசைச் சின்னான் பறவைகள். ஆனால் நான் வைத்த பீங்கான் தண்ணீர்த் தட்டின் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். நிழலுக்கு மாற்றினேன், பலனில்லை. பக்கத்தில் பழம் வைத்தேன், எறும்புதான் வந்தது.

ஒருவழியாகப் பிடிபட்டது: பீங்கான் மெருகில் நகம் நிற்காது, மூன்று அங்குல ஆழத்தில் சின்னப் பறவை இறங்காது. மெருகில்லாத அகலமான மண்சட்டியில் கூழாங்கல்லைச் சரிவாக அடுக்கினேன். ஓரத்தில் அரை அங்குலம் தண்ணீர், நடுவில் ஒன்றரை. சட்டிக்கு மேலே ஒரு தண்ணீர் பாட்டில், அதன் அடியில் ஊசித்துளை. மூடியை இறுக்கினால் சொட்டு நின்றுவிடும், கொஞ்சம் தளர்த்த வேண்டும். சொட்டுச் சத்தம் கேட்டதும் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாக இறங்கின.

பூனை பதுங்காதபடி புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்க்காவிட்டால் பாசி பிடித்து மறுபடி வழுக்கும். சோப்பு வேண்டாம்.