பிரேமார் விழாவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்காட்லாந்தின் பிரேமார் ஊரில் நடக்கும் ஹைலேண்ட் (மலைநாட்டு) விளையாட்டு விழாவுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ராஜா எத்தனை மணிக்கு வருவார்?" என்றுதான். அரச குடும்பம் வழக்கமாக மதியத்துக்கு மேல்தான் வரும். நீங்கள் காலையிலேயே போய் இடம் பிடியுங்கள்.

விழா செப்டம்பர் முதல் சனிக்கிழமை. பிரேமாருக்கு ரயில் கிடையாது. அபர்டீன் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு போதும்.

கேபர் எறிதலைத் தவறவிடாதீர்கள். பிரேமார் கேபர் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீள மரம், எடை 60 கிலோ. எவ்வளவு தூரம் போனது என்று பார்க்காதீர்கள், அதற்கு மதிப்பெண்ணே இல்லை. மெல்லிய முனையைக் கைகளில் ஏந்தி ஓடிவந்து எறிவார்கள். தடித்த முனை தரையில் குத்தி, மரம் தலைகீழாகப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். கடிகார முகப்புக் கணக்கில் அதுதான் "12 மணி". கொஞ்சம் சாய்ந்தால் 11 அல்லது 1. எறிபவர் பின்னாலேயே ஓடும் நடுவரையும் கவனியுங்கள். கோணத்தைச் சொல்பவர் அவர்தான்.

அப்புறம் வாள் நடனம். குறுக்காக வைத்த இரண்டு வாள்களுக்கு நடுவே ஆடுவார்கள். கால் பட்டு வாள் நகர்ந்தால் ஆட்டம் போச்சு. பாதங்களை மட்டும் பாருங்கள்.

அங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட பாவாடை போன்ற கில்ட் உடையை வெறும் வேஷமாக நினைத்துவிடாதீர்கள். 1746-இல் கலோடன் போரில் ஜேக்கபைட் கிளர்ச்சி (அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் கொண்டுவர எழுந்தது) தோற்றதும், ஹைலேண்ட் ஆண்கள் அந்த உடையை உடுத்தவே சட்டம் தடை போட்டது. 1782-இல்தான் தடை நீங்கியது. பேக்பைப் என்ற பை வைத்த ஊதுகுழலையும் தடைசெய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் அதன் பெயரே இல்லை. ஒரு தலைமுறைக்கு மேல் பொது இடத்தில் உடுத்த முடியாமல் போன துணியை, மைதானம் முழுக்கப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும்.

11-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கம், வேகமான தூதுவரைத் தேர்ந்தெடுக்க மலையேற்ற ஓட்டம் வைத்ததுதான் இந்த விழாவின் தொடக்கம் என்பது கர்ணபரம்பரைக் கதை. இன்றைய போட்டிகளோ 1832-இல் ஆரம்பித்தவை. 1848-இல் விக்டோரியா ராணி வந்தார். அரச குடும்பத்துக்கும் விழாவுக்கும் உள்ள உறவு அதிலிருந்துதான்.

கூட்டம் பிடிக்காதென்றால், கோடையில் நடக்கும் சிறிய ஊர் விழா ஒன்றுக்குப் போங்கள். அங்கே கயிற்றோரமாக நின்றாலே சுத்தியல் எறிபவரின் மூச்சுச் சத்தம் கேட்கும்.