இடுப்பு வலிக்கு யோகா: காலைத் தொடுவது அப்புறம், முதலில் முதுகைக் கவனியுங்கள்

இடுப்பு வலியோடு யோகா வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "குனிஞ்சு காலைத் தொட முடியலையே, நான் யோகா பண்ணலாமா?" என்பதுதான். தாராளமாகப் பண்ணலாம். கால் விரலைத் தொடுவதற்கு அவசரமே இல்லை. குனியும்போது உடம்பின் எந்த இடம் வளைகிறது, எந்த இடம் இறுகி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா? அதைத்தான் இங்கே பழகப் போகிறோம்.

லோரிமர் மோஸ்லி என்ற வலி ஆய்வாளர், நாட்பட்ட முதுகுவலி உள்ள சிலரிடம் அவரவர் முதுகின் வெளிக்கோட்டை உணர்ந்தபடி வரையச் சொன்னார். 2008ல் வெளியான ஆய்வு அது. வலி இருந்த பகுதி வந்ததும் அவர்களால் கோட்டைத் தொடர முடியவில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறதென்றே சரியாக உணர முடியவில்லை என்றார்கள். மாதக்கணக்கில் வலிக்கிற இடத்தை நாம் அசைக்காமல் காப்பாற்றுகிறோம், தசையும் பயத்தில் இறுகியே கிடக்கிறது. மூச்சோடு சேர்ந்த மெதுவான அசைவுகள் இங்கேதான் உதவுகின்றன.

யோகா செய்தால் வலி அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயலவேண்டியவற்றில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்றின் 2017 வழிகாட்டுதல் யோகாவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆய்வுகளில் தெரியும் பலன் மிதமானதுதான். சிலருக்கு வலி கூடியதும் உண்டு.

தொடங்கும் முன்

கீழே விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலம் குறைதல், காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வயிறு காலியாக இருக்கட்டும். டைல்ஸ் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறாமல் பாய்க்கு மேல் ஜமுக்காளம் விரித்துக்கொண்டால் போதும். விலை உயர்ந்த மேட் தேவையில்லை.

1. படுத்துக் கவனித்தல்

மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, பாதங்களை இடுப்பகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். எதையும் சரிசெய்ய வேண்டாம். இரண்டு தோள்பட்டையும் ஒரே மாதிரி தரையைத் தொடுகிறதா? இடுப்புக்குக் கீழே இருக்கும் இடைவெளி இரு பக்கமும் சமமா? தாடை கடித்துக்கொண்டிருக்கிறதா? (பெரும்பாலும் கடித்துக்கொண்டுதான் இருக்கும்.) இப்போதைய வலிக்கு 0 முதல் 10க்குள் ஒரு எண் கொடுத்து நினைவில் வையுங்கள்.

2. மூச்சு

ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூக்கு வழியாக உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். பத்து மூச்சு. அடக்க வேண்டாம்.

3. இடுப்பைச் சாய்த்தல்

அதே நிலையில், மூச்சை விடும்போது கீழ்முதுகு தரையில் படியும்படி இடுப்பெலும்பை மெல்லச் சாய்த்து, இழுக்கும்போது விட்டுவிடுங்கள். அசைவு ஓரிரு அங்குலம்கூட இருக்காது. "இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று தோன்றும். ஆனால் இதில் நேரம் செலவழியுங்கள். முதலில் பிட்டத்தை இறுக்கியோ, பாதத்தால் தரையை உதைத்தோதான் பலர் இதைச் செய்கிறார்கள். அவை இரண்டையும் தளர்த்திவிட்டு, அடிவயிற்றால் மட்டும் செய்ய வருகிறதா பாருங்கள். அசைவு வழுக்கிக்கொண்டு போகாமல் ஓரிடத்தில் வெட்டி நின்றால், அங்கே வேகத்தைப் பாதியாக்குங்கள். எட்டு முறை போதும்.

4. அபானாசனம்

முழங்கால்களில் கைவைத்து, மூச்சை விடும்போது அவற்றை வயிற்றுப் பக்கம் கொண்டுவாருங்கள். இழுக்கும்போது கை நீளும் தூரத்துக்கு விடுங்கள். ஆறு முறை. ஆசனத்தில் அப்படியே நிற்பதற்கு முன் இப்படி மூச்சோடு போய்வருவது, சென்னையில் வாழ்ந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மரபில் பழக்கம். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதை அவர் மகன் தேசிகாச்சார் வலியுறுத்தினார். உங்களுக்கு ஒரு கால் மட்டும் வசதியாக இருந்தால் ஒரு காலாகவே செய்யுங்கள்.

5. பூனை நீட்சி

கை, முழங்கால் ஊன்றி மண்டியிடுங்கள். மூச்சை விடும்போது முதுகை மேலே வளைத்து, இழுக்கும்போது நெஞ்சை முன்னே நீட்டுங்கள். வளைவு வால் எலும்பில் தொடங்கி, தலை கடைசியாக வரட்டும். மணிக்கட்டு வலித்தால் முஷ்டி மடக்கி ஊன்றலாம். ஆறு முறை.

6. சவாசனம்

மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து ஐந்து நிமிடம். எழும் முன் முதல் படியின் கேள்விகளையே திரும்பக் கேட்டு, வலிக்கு மறுபடி எண் கொடுங்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

எவ்வளவு வலி பரவாயில்லை?

இழுக்கிற உணர்வு இருக்கலாம். குத்துவதோ, காலுக்குள் மின்சாரம் போல் ஓடுவதோ கூடாது. செய்யும்போது வலி, முதலில் கொடுத்த எண்ணைவிட இரண்டுக்கு மேல் கூடினால் அசைவைச் சிறிதாக்குங்கள். மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டால், அன்றைக்கு 1, 2, 3 ஆகிய படிகளோடு நிறுத்துங்கள்.

தினமும் கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட நல்லது. மூன்றாம் படி பழகியதும் அதைப் பாயோடு விடாதீர்கள். தண்ணீர்க் குடத்தையோ கேனையோ தூக்கும் முன் மூச்சை விட்டு, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். இந்த அசைவுகளால் சில வாரம் வலி கூடாமல் இருந்தால், அடுத்ததாக, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தைச் சேர்க்கலாம். நின்று குனியும் ஆசனங்கள் வரிசையில் கடைசி.