தண்ணீர் தொடாமல் ஒரு வாட்டர்கலர்: கிரிட்டாவில் பொதிகைச் சாரல்

சாரல் காலத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை பாதிதான் தெரியும். மீதி மேகத்துக்குள்ளே. அதை கம்ப்யூட்டரில், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்து ஆச்சியிடம் காட்டி, "இது வாட்டர்கலர் மாதிரி" என்றேன். "ஏல, இதுல தண்ணி எங்கல?" என்றாள். நியாயமான கேள்வி. வண்ணம் அச்சு அசலாக இருந்தது, ஆனால் எந்த இடத்திலும் ஈரம் ஓடிக் காய்ந்த தடம் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் நல்ல பிரஷ் தேடியே நாளைக் கழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரஷ் இரண்டாம்பட்சம். வாட்டர்கலரைக் காட்டிக்கொடுப்பது ஓரம்தான். சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) விட்டுக் காயவிடுங்கள். நடுவில் வெளிறியும் விளிம்பில் கருத்தும் இருக்கும். விளிம்பில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால், நடுவிலிருக்கும் நீர் துகளையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறது. தாளில் வண்ணம் காய்வதும் இப்படித்தான்.

1. தாள். கிரிட்டா இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். A4 அளவு, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), படுக்கை வாக்கில்: 3508 x 2480 பிக்சல். பின்னணி வெள்ளை. இனி வெள்ளை வண்ணத்தைத் தொடக் கூடாது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். ஆற்றில் வெயில் மின்னும் கீற்றுகளை இப்போதே செலக்‌ஷன் கருவியால் வளைத்து, செலக்‌ஷனைத் தலைகீழாக்கிவிடுங்கள் (இன்வர்ட்: வளைத்த இடம் போக மீதிதான் தேர்வாகும்). பிறகு எவ்வளவு பூசினாலும் அந்த இடம் தப்பிக்கும்.

2. பிரஷ். ஓரம் கூர்மையான சாதாரண வட்ட பிரஷ் போதும். F5 அழுத்தி பிரஷ் எடிட்டரில் பெயிண்டிங் மோடை 'வாஷ்' என்று மாற்றி, ஒபாசிட்டியை (நிறம் கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) 40 சதவீதம் வையுங்கள். டேப்லெட் பேனாவைத் தூக்காதவரை, ஒரே இடத்தில் எத்தனை முறை போனாலும் நிறம் கூடாது. தூக்கிவிட்டு மறுபடி பூசினால் அடுத்த பூச்சு மேலே விழும். காய்ந்த பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போடுவது போலவே.

3. மலை. மங்கிய நீலச் சாம்பலை எடுத்து மலையை ஒரே இழுப்பில் நிரப்புங்கள். அடுத்து, பெயரில் 'பிளெண்டர்' என்று வரும் ஒரு பிரஷால் மலையின் மேல் ஓரத்தை மட்டும் சில இடங்களில் கலையுங்கள். சில இடங்களில் மட்டும்! முதல் தடவை நான் ஏர்பிரஷால் முழுக்க மென்மையாக்கினேன், மலை நுரை மெத்தை மாதிரி ஆகிவிட்டது. கூர்மையான ஓரமும் கரைந்த ஓரமும் மாறி மாறி வந்தால்தான் கண் ஈரத்தை நம்பும்.

4. வயலும் மரமும். புதிய லேயர் (படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி), அதன் பிளெண்டிங் மோட், அதாவது கீழே உள்ளதோடு கலக்கும் விதம், 'மல்டிப்ளை': மேல் நிறம் கீழ் நிறத்தைக் கருமையாக்கும். வயலுக்குப் பச்சையை எடுக்காதீர்கள். வெளிர் மஞ்சளைப் பூசி, அதற்கு மேல் இன்னொரு மல்டிப்ளை லேயரில் வெளிர் நீலம் பூசுங்கள். கீழே உள்ளது தெரிய, பச்சை தானாக வரும். நீலத்தைச் சில இடங்களில் விட்டுவிட்டால் நாற்றங்கால் போல இளம்பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும். கரையில் நிற்கும் மருத மரம் கடைசியில், அடர்த்தியாக. இலை இலையாக வரையாதீர்கள், ஒரு திட்டு போதும்.

5. கருத்த விளிம்பு. மரம் இருக்கும் லேயரில் ரைட் கிளிக் செய்து லேயர் ஸ்டைல் திறந்து 'இன்னர் குளோ' தேர்ந்தெடுங்கள். அதன் மோடையும் மல்டிப்ளை ஆக்கி, அதே நிறத்தில் கொஞ்சம் கருத்ததை எடுத்து, அளவு 8 பிக்சல், ஒபாசிட்டி 40 வையுங்கள். சாயாக் கறை ஓரம் வந்துவிடும். மலை லேயருக்கு இதைப் போடாதீர்கள், கலைத்த ஓரமெல்லாம் அழுக்காகிவிடும். அதனால்தான் இரண்டும் வேறு வேறு லேயரில்.

6. சொரசொரப்பு. வாட்டர்கலர் தாளை ஸ்கேன் செய்யலாம். தாள் இல்லையா? சுண்ணாம்பு அடித்த பழைய சுவரைக் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போனில் படம் எடுங்கள். ஃபில்டர் மெனுவில் டீசாச்சுரேட் செய்து நிறத்தை எடுத்துவிட்டு, லெவல்ஸில் நன்றாக வெளுக்க வையுங்கள். அந்தப் படத்தை எல்லா லேயருக்கும் மேலே மல்டிப்ளையில் வையுங்கள், ஒபாசிட்டி 25 சதவீதம். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவர்தான் என் எல்லாப் படங்களுக்கும் தாள்.

அன்டூவை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம்தான். நான் ஒரு படத்துக்கு ஐந்து என்று வைத்திருக்கிறேன். வண்ணம் எல்லை தாண்டி வழிந்த இடத்தைத் திருத்தத் திருத்தப் படம் காலண்டர் ஆகிவிடும், அனுபவம். கடைசியாக, பிரிண்ட் எடுக்கப் போனால் மேட் பேப்பர் கேளுங்கள். பளபளப்பான போட்டோ பேப்பரில் திண்ணைச் சுவரும் தெரியாது, சாரலும் தெரியாது.