ஒரு முனை அணைந்தால் எத்தனை முனைகள் துண்டாகும்?

கம்பியில்லா வலையை மாதிரியாக்க, முதலில் புள்ளிகளைத் தூவுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முனை, அதாவது சிக்னலை அனுப்பிப் பெறும் ஒரு கருவி. 1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 200 முனைகள் போதும். இரண்டு முனைகள் எட்டும் தூரத்துக்குள் இருந்தால் நடுவே ஒரு கோடு. 1961இல் கில்பர்ட் முன்வைத்த மாதிரியின் சாரம் இதுதான். பைத்தான் நிரல்மொழியும் வலைகளை ஆராய உதவும் அதன் நெட்வொர்க்எக்ஸ் நிரல்தொகுப்பும் இருந்தால் சில வரிகளில் முடிந்துவிடும்.

எட்டும் தூரம் எவ்வளவு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏறக்குறைய 85 மீட்டரில், அதாவது முனைக்குச் சராசரியாக நாலரை அண்டை முனைகள் கிடைக்கும்போது, ஒன்றோடொன்று இணைந்த முனைகளின் பெரிய திரள் ஒன்று தலைகாட்டும். அதைப் பார்த்து வலை இணைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 92 மீட்டருக்குப் போனால் அண்டைகள் 5.3 ஆகும், 200இன் இயல் மடக்கையும் அதுவே. அங்கேயும் கணக்குப்படி சராசரியாக ஒரு முனை தனித்து நிற்கும். ஓரங்களைச் சேர்த்தால் இன்னும் மோசம். சதுரத்தின் மூலையில் இருக்கும் முனைக்கு, எட்டும் தூரத்தை ஆரமாக வைத்து வரையும் வட்டத்தின் கால் பங்குதான் உள்ளே விழுகிறது. அதனால் மூலைகளைத் தனியாகப் பாருங்கள்.

வட்டம் நம் வசதிக்காக வரைவது. சிக்னலின் திறன் திறந்தவெளியில் தூரத்தின் 2ஆம் அடுக்குப்படி குறையும். கட்டடங்களுக்கு நடுவே 3, 4 என்று அடுக்கு ஏறும். சுவரும் மரமும் போடும் நிழலுக்கு, ஒவ்வொரு இணைப்பின் இழப்போடும் இயல்நிலைப் பரவலில் எடுத்த ஒரு டெசிபல் எண்ணைக் கூட்டுங்கள். திட்ட விலக்கம் 8 டெசிபல் வைத்துத் தொடங்கலாம். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் அதே எண்தான். தடையாக நிற்கும் சுவர் ஒன்றுதானே.

இனி உடைத்துப் பார்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு முனைகளை நீக்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்து வெட்டுமுனைகளைத் தேடுங்கள், அதாவது நீக்கினால் வலையைத் துண்டாக்கும் முனைகளை. 92 மீட்டர் வைத்து நான் ஓட்டிய ஒரு வலையில் படம் பார்க்க அடர்த்தியாகவே இருந்தது. 137ஆம் முனையை நீக்கியதும் கிழக்குப் பக்கத்து 61 முனைகள் அப்படியே பிரிந்து போயின. அதற்கு இருந்தவை நான்கே அண்டைகள். அண்டைகளின் எண்ணிக்கையை வைத்து முக்கிய முனையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அந்தப் படத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

நான் அதிகம் நம்புவது மூன்றாவது சோதனையை. மின்சாரம் போனால், வெள்ளம் வந்தால், பக்கத்து முனைகள் சேர்ந்தே அணையும். எனவே 150 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை எங்காவது வைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் நீக்குங்கள். மிஞ்சிய முனைகளில் எத்தனை சதவீதம் ஒரே திரளில் இருக்கின்றன என்று அளவிடுங்கள். வட்டத்தை இடம் மாற்றி 1000 முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் சீட் எண்ணையும் (அதே தற்செயல் எண்களை மறுபடி வரவழைக்கும் தொடக்க எண்) குறித்து வையுங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல், மிக மோசமான 5 சதவீத ஓட்டங்களில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். வலையை நம்பியிருப்பவர்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.

137க்குத் துணையாக முதலில் 20 மீட்டர் தள்ளி ஒரு முனை வைத்தேன். வெட்டுமுனைப் பட்டியலிலிருந்து 137 மறைந்தது; வட்டச் சோதனையிலோ இரண்டும் ஒன்றாகப் போயின. வட்டத்தின் விட்டம் 300 மீட்டர் என்பதால், 350 மீட்டர் தெற்கே இன்னொரு பாதை அமைத்தேன். அதற்கு மூன்று முனைகள் தேவைப்பட்டன.