சின்ன ஊர் கால்பந்து கிளப் விற்பனைக்கு வந்தால் தேறுமா? முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

ஹாலிவுட் நடிகர்கள் இருவர் வாங்கிய வேல்ஸ் கிளப் ரெக்ஸாமின் கதையைப் பார்த்துவிட்டு இங்கிலாந்து, வேல்ஸ் கீழ் டிவிஷன் கால்பந்தில் விழுந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கிற சொந்தக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஊர் மைதானத்துக்கே போய் நிற்கிறார்கள். அப்படி மனசு ஒட்டிக்கொண்ட கிளப் ஒருநாள் "புதிய உரிமையாளர்களை வரவேற்கிறோம்" என்று அறிக்கை விட்டதும் ஆளாளுக்குக் கேட்கிற முதல் கேள்வி, யார் வாங்கப் போகிறார்கள் என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஊரில் ஒரு மனை வாங்கப் போனால் விலை பேசுவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா, கிளப்புக்கும் அதேதான். மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் என்ன கடன் இருக்கிறது என்று தெரியாதவரை வேறு எதைப் பேசியும் பிரயோசனம் இல்லை.

பார்ப்பதும் ஒன்றும் கஷ்டமில்லை. பிரிட்டனின் கம்பெனிப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் கிளப்பின் சட்டப்பூர்வமான பெயரைத் தேடுங்கள், காசு கிடையாது. பெரும்பாலும் ஒரு கம்பெனியோடு முடியாது: ஆட்டம் ஆடுகிற கம்பெனி ஒன்று, அதற்கு மேலே பங்குகளை வைத்திருக்கிற கம்பெனி ஒன்று, சில இடங்களில் மைதானத்துக்கென்று தனியாக இன்னொன்று. மூன்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "சார்ஜஸ்" என்று ஒரு பகுதி இருந்தால் நேராக அங்கே போங்கள், சொத்தின் மேல் வாங்கிய கடன்கள் அங்கேதான் பதிவாகியிருக்கும். பக்கத்தில் "சாட்டிஸ்ஃபைடு" என்று இருந்தால் அடைத்தாயிற்று, "அவுட்ஸ்டாண்டிங்" என்று இருந்தால் இன்னும் நிலுவை. கடன் கொடுத்தது பெரிய வங்கியா, அல்லது அவசரத்துக்கு அதிக வட்டிக்குக் கொடுக்கிற குறுகிய காலக் கடன் நிறுவனமா என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் உரிமையாளருக்கு மூச்சு முட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நிலம் யார் பெயரில் என்று உறுதி செய்ய லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டினால் பதிவேட்டின் நகலே கிடைத்துவிடும்.

இதைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பரி ஒன்று போதும். மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கிற ஊர். 1900இலும் 1903இலும் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப், கிக் லேன் மைதானத்தில் 1885 முதல் ஆடிய கிளப். 2018 டிசம்பரில் அது வெறும் 1 பவுண்டுக்குக் கை மாறியது. 1 பவுண்டு என்றால் மலிவு என்று நினைக்காதீர்கள், அந்த ஒரு பவுண்டுக்குப் பின்னால் வந்த கடன்தான் உண்மையான விலை. மைதானம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. அதற்கும் மேலே, மைதானத்தில் கார் நிறுத்தும் இடங்களைக்கூடத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து முதலீடு என்று வெளியாட்களுக்கு விற்றிருந்தார்கள். ஒரு கார் நிற்கிற அளவு தார்த் தரை, அதற்கு ஒரு முதலீட்டாளர்! இப்படிச் சிக்கிக் கிடக்கிற சொத்தைப் பார்த்துவிட்டு எந்த நிதானமான ஆள் பணத்தோடு வருவார்? கூத்து என்னவென்றால் 2019 வசந்தத்தில் அந்த அணி மூன்றாவது டிவிஷனான லீக் ஒன்னுக்கு ஏறியிருந்தது, அதுவும் சம்பள பாக்கியோடு. அடுத்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கடைசி நிமிடத்தில் வாங்க வந்தவர்களும் கணக்கைப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ள, 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், புள்ளிப் பட்டியலைப் பார்த்து கிளப்பின் ஆரோக்கியத்தைக் கணிக்காதீர்கள்.

சரி, மைதானம் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கணக்கு. சின்ன கிளப்புகள் வரவு செலவை முழுசாக வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லாததால் பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பு மட்டும்தான் கிடைக்கும், அதுவே போதும். ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டிய தொகை என்று ஒரு வரி இருக்கும், அதை முந்தைய இரண்டு மூன்று வருஷத்தோடு ஒப்பிடுங்கள், ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். குறிப்புகளில் "உரிமையாளர் தொடர்ந்து ஆதரவு தருவதாக உறுதி அளித்திருக்கிறார்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், டிக்கெட், பார், மைதானத்தில் தின்பண்ட விற்பனை, விளம்பரப் பலகை எல்லாம் சேர்ந்தும் சம்பளத்துக்குப் போதவில்லை, மிச்சம் அவர் பையிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அவர் போனால் அந்த ஓட்டையை வருகிறவர் அடைக்க வேண்டும். அவர் இதுவரை போட்டதெல்லாம் கடனாகப் பதிவாகியிருக்கிறதா, பங்காக மாறிவிட்டதா என்பது இன்னும் முக்கியம். கடன் என்றால், தள்ளுபடி செய்கிறாரா, வாங்குகிறவர் தலையில் கட்டுகிறாரா? விற்பனை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ரசிகர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். வரித்துறை கம்பெனியைக் கலைக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறதா என்பது கெஸட்டில் வரும், அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் ரெக்ஸாமைப் பற்றிப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கல்ஹென்னியும் வந்தபோது அது கடனில் மூழ்கிய கிளப் இல்லை. அந்தக் கஷ்டமெல்லாம் அதற்கு முன்பே பட்டாயிற்று: 2004இல் திவால் நிர்வாகம், மைதானத்தை இடித்துக் கட்டடம் எழுப்பப் பார்த்த ஒரு உரிமையாளர், 2011இல் சீசன் தொடங்கப் பிணைத்தொகை வேண்டும் என்று லீக் சொன்னதும் ஒரே நாளில் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிய ரசிகர்கள். அந்த வருஷக் கடைசியில் ரசிகர் அறக்கட்டளையே கிளப்பை எடுத்துக்கொண்டு கணக்கைச் சுத்தமாக்கி வைத்திருந்தது. 2020இல் ஓட்டெடுப்பு நடத்தி 98.6 சதவீத ஆதரவோடு நடிகர்களிடம் ஒப்படைத்தார்கள், அவர்களும் 2 மில்லியன் பவுண்டை கிளப்புக்குள் போடுவதாகச் சொல்லி வந்தார்கள். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று முறை மேலே ஏறியதற்கு அவர்களுடைய பணமும் பேரும் காரணம்தான். ஆனால் பணக்காரர் தேடி வருகிற நிலைமையில் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்தது ரசிகர்கள். ஹாலிவுட்டை எதிர்பார்க்காதீர்கள், அது எல்லா ஊருக்கும் வராது.

அடுத்தது, விற்கிறவரின் மற்ற தொழில்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. லங்காஷயர் கடற்கரையில் இருக்கிற மோர்கம் 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அதே மாதம்தான், அதே உரிமையாளர் தரப்புக்குப் பங்கிருந்த வுஸ்டர் வாரியர்ஸ் ரக்பி கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. விற்க வேண்டிய அவசரம் இருக்கிறவர் சீக்கிரம் விற்றுவிடுவார் என்று தோன்றும், நடந்தது தலைகீழ். கிட்டத்தட்ட மூன்று வருஷம் இழுத்தது. இடையில் அணி 2023இல் நான்காவது டிவிஷனான லீக் டூவுக்கும் 2025இல் ஐந்தாவதான நேஷனல் லீக்குக்கும் இறங்கியது. 24 அணிகளில் இரண்டுக்கு மட்டுமே மேலே போக இடம் இருக்கிற டிவிஷன் அது. இப்படி இழுக்க இழுக்க விற்கிற பொருளே தேய்ந்துகொண்டு போகிறது. 2025 ஜூலையில் சம்பளம் முழுசாக வரவில்லை, லீக் உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைத்தது, முதல் ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஆகஸ்ட் 17 அன்று பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கியதோடு தலை தப்பியது. அஷ்வீர் சிங் ஜோஹல் மேனேஜராக வந்தார், பிரிட்டனில் தொழில்முறைக் கிளப் ஒன்றுக்கு முதல் சீக்கிய மேனேஜர். கையில் கிடைத்த ஆட்களை வைத்து ஒரு வாரத்துக்குள் களம் இறங்கி முதல் ஆட்டத்திலேயே ஆல்ட்ரிங்கமை வீழ்த்தினார்கள்.

ஆக, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் நம்பாதீர்கள், தேதி கேளுங்கள்.

இப்போதுதான் வாங்க வருகிறவர். அவரிடம் முதல் வருஷத்துக்குப் பணம் இருக்கிறதா என்று லீக் கேட்கும், நீங்கள் மூன்றாவது வருஷத்தைக் கேளுங்கள். மைதானத்தையும் கிளப்பையும் ஒரே கம்பெனியில் வைப்பாரா? "புதிய மைதானம், பக்கத்தில் வீடுகள்" என்று வரைபடத்தோடு வந்தால் கிளப்புக்காக வருகிறாரா நிலத்துக்காக வருகிறாரா என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 வந்த பிறகு மேலிருந்து ஐந்து டிவிஷன்களுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது, உரிமையாளர்களைச் சோதிப்பதும் அதன் வேலை. உங்கள் கிளப் ஆறாவது டிவிஷனில் இருந்தால் அந்தக் குடை உங்களுக்கு இல்லை.

யாருமே வராவிட்டால்? நீங்களே. எக்ஸெட்டர் சிட்டியை 2003இல் ரசிகர் அறக்கட்டளை எடுத்தது. 2005 எஃப்ஏ கோப்பையில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு கோலில்லாமல் டிரா செய்து, அதனால் கிடைத்த மறு ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு ஆட்ட வருமானத்தில் கடனைச் சமாளித்தார்கள். அதிர்ஷ்டம்தான், ஆனால் அதற்கப்புறம் பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய ஓலி வாட்கின்ஸ் மாதிரி ஆட்களை அகாடமியில் வளர்த்து விற்று ஓட்டியது அதிர்ஷ்டம் இல்லை. மேக்கிள்ஸ்ஃபீல்டு இன்னொரு வழி. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் கலைத்த கிளப்பின் சொத்து வீடு விற்கிற ரைட்மூவ் தளத்தில் விளம்பரமாக வந்தது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் வாங்கி, புதுப் பெயரில் ஒன்பதாவது டிவிஷனில் தொடங்கி, நான்கு சீசனில் மூன்று முறை ஏற்றினார். மைதானம் மிஞ்சியிருந்ததால் முடிந்தது.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகக் கவுன்சிலில் பதிவு செய்யச் சொல்லி ரசிகர் குழு மனு போடலாம். ஐந்து வருஷம் செல்லும். நிலத்தை விற்கப் பார்த்தால் உள்ளூர்க் குழு ஆறு மாத அவகாசம் கேட்டுப் பணம் திரட்டலாம். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை, கம்பெனிப் பங்குகளை அப்படியே கை மாற்றினால் இது தடுக்காது. அதனால் இந்த மனுவோடு நிறுத்தாமல், வாங்குகிறவரிடம் மைதானத்தை ரசிகர் சம்மதம் இல்லாமல் அடகு வைக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.