கிளைடர்ல போன் சார்ஜ் தீராம பாத்துக்கிறது எப்படி

கிளைடர் விமானத்துல இன்ஜின் இல்ல, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் இல்ல, மேல போறப்ப பேட்டரில என்ன இருக்கோ அவ்ளோதான். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதுலயே ரேடியோ, வேரியோ (ஏறுற எறங்குற வேகத்த காட்டறது), ஃபிளார்ம் (மத்த விமானம் மோதற மாதிரி வந்தா எச்சரிக்கறது) எல்லாம் ஓடணும். போன்ல மேப்பும் ஜிபிஎஸ்ஸும் ஓடி ஸ்க்ரீனும் ஃபுல் பிரைட்னஸ்ல இருந்தா 5 வாட் இழுக்கும்னு வைங்க, அதுக்கு 12 வோல்ட்ல கிட்டத்தட்ட அரை ஆம்பியர், 5 மணி நேரத்துல பேட்டரில மூணுல ஒரு பங்கு காலி. அதனால போனுக்குத் தனியா பவர் பேங்க் வச்சுக்கிறதுதான் என் கட்சி.

10000 எம்ஏஹெச்னு போட்டிருக்கிறது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல்லுக்கு, 5 வோல்ட்டா மாத்தி வெளிய வர்றப்ப 6000 சொச்சம் கெடச்சா பெருசு. சில பவர் பேங்க் கம்மியா கரண்ட் இழுத்தா தானாவே ஆஃப் ஆயிடும், பறக்கறதுக்கு முன்னாடி தரையிலயே ஒருதடவ ஓட்டிப் பாத்துருங்க. அப்புறம் அத சீட்டுல சும்மா போட்டு வைக்காதீங்க, உருண்டு போய் கால்ல மிதிக்கற ரடர் பெடல்லயோ கையில புடிச்சு ஓட்டற ஸ்டிக் அடியிலயோ சிக்குனா அவ்ளோதான், வெல்க்ரோ பட்டி போட்டு இறுக்கிக் கட்டுங்க, கேபிளும் ஸ்டிக் பக்கம் தொங்கக் கூடாது.

இல்ல, மெயின் பேட்டரில இருந்துதான் எடுப்பேன்னா பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் கட்டாயம். மட்டமான யூஎஸ்பி கன்வெர்ட்டர் ரேடியோல கரகரன்னு இரைச்சல் கெளப்பும், ஸ்குவெல்ச்ச (ரேடியோ சும்மா இருக்கறப்ப இரைச்சல அடக்கி வைக்கறது) தொறந்து வச்சு சார்ஜர ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிரும்.

வெயில்ல கேனப்பிக்கு (தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மாதிரி மூடி) அடியில போன் சூடாச்சுன்னா சார்ஜே ஏறாது, வென்ட் காத்து படற எடமா மாட்டுங்க, கவர கழட்டிருங்க.